வெங்காயம் நீட்டின கை

ரெண்டு வருஷம் முன்ன, மாசி மாசம் கடைசி. வெயில் அப்பதான் ஏற ஆரம்பிச்சிருந்தது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில, அடி அண்ணாமலை தாண்டினதும் ஒரு புளியமரம். அதுக்குக் கீழ என் கூழ்க்கடை. இது நடந்தது அங்கதான்.

நான் அதிகம் பேசறவன் இல்ல. அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். அப்புறம் கழனி வேலை, செங்கல் சூளை, லாரில லோடு ஏத்தறது. முதுகு போனதும் இந்தக் கடை. தள்ளுவண்டி, மேல தகரக் கூரை, முன்னால ரெண்டு பெஞ்சு. வண்டிய வாங்கி, வெல்டிங் வச்சு, கூரை போட்டு, நீலப் பெயின்ட் அடிச்சுக் குடுத்தது என் பையன். இதை முதல்லயே சொல்லிடறேன். காரணம் இருக்கு.

பையன் கீழ்பென்னாத்தூர்ல இருக்கான். சொந்த வேன் ஓட்டறான். சுத்துப்பட்டு ஊருங்கள்ல இருந்து பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஸ்கூலுக்கு விடற வேலை. காலைல ஆறரைக்கெல்லாம் வண்டிய எடுக்கணும். அதனால கல்யாணம் ஆனதும் அங்கயே வீடு பாத்துக்கிட்டான். சண்டை இல்ல, மனஸ்தாபம் இல்ல. மாசாமாசம் இன்னா வேணும்னு கேப்பான். ஒண்ணும் வேணாம்பேன். அரிசி மூட்டைய மட்டும் என்னைக் கேக்காம எறக்கி வச்சுட்டுப் போயிடுவான்.

கடையில நானும் என் சம்சாரமும். முந்தின நாளே கேவுரு மாவைக் கரைச்சுப் புளிக்க வச்சிடுவா. விடிகாலைல நொய் வேக வச்சு, மாவை ஊத்திக் கிண்டறதும் அவதான். மோர் விட்டுக் கரைச்சு சொம்புல ஊத்தறது நான். அவ வண்டிக்குப் பின்னால மணை போட்டு உக்காந்து வெங்காயம் உரிப்பா, மோர் மிளகாய் வறுப்பா, சொம்பு கழுவுவா. முன்னால வரமாட்டா. "அடுப்படில இருந்த மூஞ்சி, அப்படியே இருக்கட்டும்"பா.

ஒரு செவ்வாய்க்கிழமை. கூட்டம் இல்லாத நாள். ஒரு தம்பி பைக்ல வந்தான். இருபத்தஞ்சு வயசு இருக்கும். குச்சியில ஃபோன மாட்டி வச்சிருந்தான். ரெண்டு சொம்பு குடிச்சான். நல்லா இருக்குன்னான்.

"ஐயா, உங்க கடைய வீடியோ எடுத்துப் போடறேன். காசெல்லாம் வேணாம். ஃப்ரீ. அப்புறம் கூட்டத்தப் பாருங்க."

சரின்னேன். இந்தப் பாதையில பாதிக் கடைக்கு இப்ப அப்படித்தான் ஆள் வருது. நாலு கடை தள்ளி ஒரு முறுக்குக்கடை. வீடியோ போட்டதுல இருந்து அங்க வரிசை நிக்குது. பக்கத்துல இளநி விக்கறவர், தானே வெட்டி தானே வீடியோ எடுத்து தானே போட்டுக்கறார். முன்ன கடைக்குப் போர்டு மாட்டின மாதிரி இப்ப இது. நான் தப்பா நெனைக்கல.

என் சட்டையில ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டான். கேள்வி கேட்டான். எத்தனை வருஷமா கடைன்னான். ஆறுன்னேன். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்கன்னான். மூணுன்னேன். வயசு கேட்டான். அம்பத்தெட்டுன்னேன்.

"குடும்பம்லாம் ஐயா?"

"இருக்காங்க."

"பசங்க?"

"ஒரு பையன். கீழ்பென்னாத்தூர்ல இருக்கான்."

"உங்களப் பாத்துக்கறாரா?"

"நான் யார் கையையும் எதிர்பாக்கறதில்ல"ன்னேன். கொஞ்சம் விட்டு, "அவன் குடுப்பான். நான்தான் வாங்கறதில்ல"ன்னேன்.

அந்த நேரம் பின்னால என் சம்சாரம் மோர் மிளகாய எண்ணெயில போட்டா. காத்து என் பக்கம். நெடி ஏறி ரெண்டு கண்ணும் கலங்கிடுச்சு. துண்டால தொடச்சேன். அந்தத் தம்பி ஃபோன இன்னும் கிட்ட கொண்டு வந்தான். வெங்காயத்துக்கு நான் பின்னால கைய நீட்டினேன். அவ தட்டை நீட்டினா. அவ்வளவுதான். கை குடுத்துட்டுப் போயிட்டான். நானும் மறந்துட்டேன்.

அந்த வாரக் கடைசியிலயே கூட்டம் வந்துடுச்சு. அவன் சொன்ன மாதிரியே.

ஆனா இது வழக்கமா வர்ற கூட்டம் இல்ல. வழக்கமா வர்றவங்க பாதி மலை சுத்திட்டு, கால் வலியோட வந்து பெஞ்சுல பொத்துன்னு உக்காருவாங்க. கூழ் வந்தாப் போதும். என்னைப் பாக்க மாட்டாங்க. இவங்க என்னையே பாத்தாங்க. ஒரு பொண்ணு கூழ வாங்கிட்டு, "நீங்க சாப்டீங்களாப்பா?"ன்னுச்சு. குரல் தழுதழுத்துது. ஒருத்தர் வேட்டி துண்டு கொண்டாந்து குடுத்தார். ஒரு அம்மா சொம்பைத் திருப்பிக் குடுக்கறப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு, "கடவுள் இருக்கார்"ன்னாங்க. இருக்கார்தான். தோ, எதுர்ல மலை. நான் தலைய ஆட்டினேன்.

இளநிக்காரர்தான் ஃபோனக் கொண்டாந்து காட்டினார்.

வீடியோவுல நான் மெதுவா நடக்கறேன். நான் அப்படி நடக்கறதில்ல. அவங்களா மெதுவாக்கி இருக்காங்க. பின்னால ஷெனாய் அழுவுது. எழுத்து ஓடுது. மனைவி இல்லையாம். பெற்ற மகன் கைவிட்டுட்டானாம். இந்த வயசுலயும் தனி ஆளா உழைக்கறாராம். நடுவுல என் குரல் ஒரே ஒரு தடவை வருது: "நான் யார் கையையும் எதிர்பாக்கறதில்ல." குடும்பம் இருக்காங்கன்னது இல்ல. அவன் குடுப்பான்னது இல்ல. அடுத்து, நான் கண்ணத் தொடைக்கறேன். தொடைக்கறதையே மூணு தடவை காட்டறாங்க.

என் சம்சாரம் பின்னால இருந்து எட்டிப் பாத்தா. நான் கண்ணத் தொடைக்கற வரைக்கும் பாத்துட்டு, "இன்னொரு தபா போடுங்க"ன்னா. இளநிக்காரர் போட்டார். ஒரு இடத்துல "நிறுத்துங்க"ன்னா.

வெங்காயத் தட்டு. தட்டுக்குப் பின்னால மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை. பச்சை வளையல்.

"எனக்குக் கருமாதி பண்ணிட்டாங்க சரி. அந்தக் கை யாருதாம்? பேயா வெங்காயம் உரிக்குது?"ன்னா.

இளநிக்காரர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். அன்னிக்கே அந்தத் தம்பியத் தேடிப் புடிச்சு, மாத்துடான்னு சொல்லியிருக்கணும். சொல்லல.

ஏன்னா கூழ் வித்துது. முன்ன பத்து மணி வரைக்கும் நிப்போம். இப்ப எட்டுக்கெல்லாம் பானை காலி. பானைய ரெண்டாக்கினோம். அதுவும் காலி. அம்பத்தெட்டு வயசுல முதல் தடவையா என் கடைக்கு வரிசை நின்னுது. பொய் நான் சொல்லலையே, எவனோ சொன்னதுதானேன்னு நெனச்சுக்கிட்டேன். யாராவது பரிதாபமா ஏதாவது கேட்டா, பதில் சொல்லாம கூழக் கரைச்சேன். நான் எப்பவுமே அப்படித்தான். பேசாதது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா முன்ன பேசாம இருந்தது பேச ஒண்ணும் இல்லாததால. இப்ப பேசாம இருந்தது பேசினா போயிடுவாங்கன்னு.

ஒரு மாசம் இப்படிப் போச்சு.

பங்குனி பௌர்ணமிக்கு மறுநாள் காலை. மெட்ராஸ்ல இருந்து ஒரு குடும்பம் கார்ல வந்தாங்க. வீடியோ பாத்துட்டு வந்தவங்க. அந்த வீட்டு அம்மா நல்லவங்க. எனக்கு ஒரு போர்வை கொண்டாந்திருந்தாங்க. குடுக்கறப்ப பின்னால பாத்தாங்க.

"இவங்க யாருங்கய்யா?"

நான் போர்வையக் கையில வச்சிருந்தேன்.

"கூட வேலை செய்யறவங்க"ன்னேன்.

பின்னால சொம்பு கழுவற சத்தம் நின்னுது. அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுது. கொஞ்சம் வேகமா.

வண்டியத் தள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போறப்ப அவ பக்கத்துல நடந்து வந்தா. பாதி தூரம் வந்தோம். அப்புறம், "எனக்கு இன்னா கூலி தருவீங்க மொதலாளி?"ன்னா. சிரிக்கல. வீட்டுக்குப் போனதும் அந்தப் போர்வைய மடிச்சுப் பரண்மேல போட்டா. இன்னி வரைக்கும் அங்கதான் இருக்கு.

முப்பத்து மூணு வருஷமா கூட இருக்கறவ. நான் செங்கல் சூளையில இருந்தப்ப கூடவே மண்ணு மிதிச்சவ. அவளை வேலைக்காரின்னு சொன்னது என் வாய்தான். அதை அந்தத் தம்பி வெட்டி ஒட்டல.

ரெண்டு நாள் கழிச்சு மருமகப்பொண்ணு கடைக்கு வந்தா. தனியா, பஸ்ல. வெயில்ல மூஞ்சி செவந்திருந்தது. அத்தை குடுத்த கூழக் குடிக்காம கையிலயே வச்சிருந்தா.

"மாமா, நான் வந்தது அவருக்குத் தெரியக் கூடாது"ன்னா.

ஃபோன எடுத்துக் காட்டினா. வீடியோவுக்குக் கீழ ஜனங்க எழுதினது. எனக்குப் படிக்க நேரம் ஆகும்னு அவளே படிச்சா. யாரோ எங்க ஊரை எழுதியிருக்காங்க. யாரோ அவன் கீழ்பென்னாத்தூர்ல ஸ்கூல் வேன் ஓட்டறவன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தன் வண்டிய நம்பரோட போட்டோ புடிச்சே போட்டுட்டான். அதுக்குக் கீழ திட்டு. ஒரு திட்டைப் பாதியில நிறுத்திட்டா. "அது வேணாம் மாமா"ன்னா.

அந்த வண்டி போட்டோ ஸ்கூல் பிள்ளைங்களோட அப்பா அம்மா குரூப்புக்கும் வந்துடுச்சு. பெத்தவனை ரோட்டுல விட்டவன் நம்ம பிள்ளைங்களைப் பத்திரமா கொண்டுபோவானான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நாலு வீட்டுல பிள்ளைய அனுப்பறத நிறுத்திட்டாங்க. ஸ்கூல்ல கூப்பிட்டு, பேரன்ட்ஸ் எல்லாம் பேசறாங்க, வர்ற வருஷத்துக்கு வேற வண்டி பாக்கலாம்னு இருக்கோம்னு சொல்லிட்டாங்க. அந்த லைன் போச்சுன்னா அவன் வண்டி சும்மா நிக்கும்.

"எத்தினி நாளா?"ன்னேன்.

"பத்து நாளா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர்தான் வேணாம்னார். 'நைனாவுக்கு இப்பதான் ஏவாரம் சூடு புடிச்சிருக்கு. கெடுக்காத. ஜனங்க மறந்துடுவாங்க'ன்னார்."

நான் கரண்டியக் கீழ வச்சேன்.

அவன் எனக்காக வாய மூடிக்கிட்டு இருந்திருக்கான். நான் கூழுக்காக வாய மூடிக்கிட்டு இருந்தேன். ரெண்டும் ஒண்ணு இல்ல.

"அந்த வீடியோவை முழுசாப் போடும்மா"ன்னேன். இளநிக்காரர் காட்டினப்ப நாங்க சிரிச்சதுல கடைசி வரைக்கும் பாக்கல. இப்பதான் பாத்தேன். நான் கண்ணத் தொடைச்சதும் அந்தத் தம்பியே வந்து நிக்கறான். "இந்த ஐயாவோட நிலைமை நம்ம பெத்தவங்களுக்கு வரக் கூடாது. அவங்களுக்குன்னு சொந்தமா ஒரு இடம் வாங்கிக் குடுப்போம்"ங்கறான். அடுத்து கல்லு நட்ட பொட்டல். வேங்கிக்கால் பக்கத்துல வீட்டு மனை. ஃபோன் நம்பர் ஓடுது.

கூழ் விக்க எடுத்தான்னு இருந்தேன். என் கண்ணீர வச்சு மனை வித்திருக்காங்க. அது கண்ணீர் கூட இல்ல. மிளகா நெடி.

மறுநாள் கடை போடல. பஸ் ஏறி வேங்கிக்கால் போனேன். வீடியோவுல ஓடின நம்பருக்கு மருமக ஃபோன் பண்ணி இடம் கேட்டு வச்சிருந்தா. கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புது வீடுங்களுக்கு நடுவுல ஒரு மாடி. கீழ மனைக்காரங்க ஆபீஸ். மேல அந்தத் தம்பி.

என்னைப் பாத்ததும் எழுந்து நாற்காலி போட்டான். மரியாதையான பையன்தான். ஜூஸ் வரவழைச்சான். அறையில ஒரு மூலையில கிழிஞ்ச பாய் ஒண்ணு, நசுங்கின அலுமினியத் தட்டு ஒண்ணு, ஒரு பழைய குடை. யாருதுன்னு கேட்டேன்.

"ஷூட்டிங்குக்கு அங்கிள். சில பேர் வீட்டுல எல்லாமே புதுசா இருக்கும். பாக்கறவங்களுக்கு மனசு இறங்காது"ன்னான்.

கடையில ஐயான்னவன் இங்க அங்கிள்னான்.

"அந்த வீடியோவ எடுத்துடு"ன்னேன்.

"ஏன் அங்கிள்? நல்லாத்தான போகுது? கூட்டம் வரலியா?"

"வருது. எடுத்துடு."

என் பையனோட விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கிட்டான். உண்மையாவே வருத்தப்பட்டான்னுதான் நெனைக்கறேன். ஆனா எடுக்க முடியாதுன்னான். மனைக்காரங்களுக்குன்னு செஞ்சதாம். அவங்க சொல்லாம கைய வைக்க முடியாதாம். கீழ போய்க் கேட்டுட்டு வந்தான். அவங்களும் முடியாதுன்னுட்டாங்க.

"அப்ப பொய்னு சொல்லி இன்னொண்ணு போடு"ன்னேன்.

"அத யாரு அங்கிள் பாப்பாங்க? கஷ்டம்னா பாப்பாங்க. ஒரு மனுஷன் நல்லா இருக்கான்னா தள்ளிவிட்டுட்டுப் போயிடுவாங்க."

அப்புறம் கண்ணு விரிஞ்சுது. நாற்காலிய என் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டான்.

"அங்கிள், பார்ட் டூ எடுப்போம். உங்க பையனக் கூட்டிட்டு வாங்க. வேன்ல வந்து இறங்கறார். உங்களப் பாக்கறார். அழறார். கால்ல விழறார். நீங்க தூக்கி அணைச்சுக்கறீங்க. மகன் திரும்பி வந்துட்டான். அவர் பேரும் சரியாயிடும், உங்க கடையும் எங்கியோ போயிடும்."

"அவன் எங்கயும் போகல. திரும்பி வர்றதுக்கு."

"நடிப்புதான அங்கிள். ரெண்டு நிமிஷம்."

அரிசி மூட்டையத் தோள்ல வச்சுக்கிட்டு சத்தம் காட்டாம வர்றவன். அவன் செய்யாத தப்புக்கு என் கால்ல விழணும். அதை ஊர் பாக்கணும். கீழ இருக்கறவங்க இன்னும் பத்து மனை விக்கணும்.

நான் எழுந்தேன். ஜூஸ் அப்படியே இருந்தது.

"வேணாம் தம்பி. உன்னால ஆனது அது. என்னால ஆனத நான் பாத்துக்கறேன்"னேன்.

பஸ்ல வர்றப்ப யோசிச்சேன். எங்கிட்ட பட்டன் ஃபோன்தான் இருக்கு. வீடியோ போடத் தெரியாது. போட்டாலும் அந்தத் தம்பி சொன்னது சரி, பாக்க மாட்டாங்க. ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்ல என்னால ஆகாது. ஆனா என் பையன் வண்டியில பிள்ளைய ஏத்தற வீடுங்க எத்தினி? இருபத்தெட்டு. இருபத்தெட்டு வீட்டுக்குச் சொல்ல வாய் போதும்.

வீட்டுக்கு வந்து என் சம்சாரம் எதுர்ல உக்காந்தேன். அவ கேவுரு புடைச்சுக்கிட்டு இருந்தா.

"அன்னிக்கு சொன்னது தப்பு"ன்னேன்.

முறத்தை நிறுத்தல. "எது?"ன்னா. அவளுக்குத் தெரியும். என் வாயால வரணும்னு இருந்தா.

"உன்ன வேலைக்காரின்னு சொன்னது."

இன்னும் ரெண்டு தட்டு தட்டினா. அப்புறம் முறத்தைக் கீழ வச்சா. நாளைக்கு பையன் வண்டியில ஏறி ஸ்டாப் ஸ்டாப்பா போய்ச் சொல்லப்போறேன்னேன்.

"நீ போய் இன்னா பேசுவ? நாலு வார்த்தை சேந்தாப்பல பேசினத நான் பாத்ததே இல்ல"ன்னா. ரொம்ப நாளைக்கு அப்புறம் நீன்னா. சந்தோஷமா இருந்தா அவ நீங்க வாங்கன்னு சொல்ல மாட்டா. "செத்தவளும் வரேன். என்னைக் காட்டுனா பாதி வேலை முடிஞ்சிடும்."

விடியறதுக்கு முன்ன முதல் பஸ் புடிச்சு கீழ்பென்னாத்தூர் போனோம். பையன் வண்டியக் கழுவிக்கிட்டு இருந்தான். எங்களப் பாத்துட்டுக் குழாயை நிறுத்தினான்.

"இன்னா நைனா, கடை போடலியா?"

"உன் வண்டியில வரேன்."

"எதுக்கு?"

"சும்மா."

அவன் வீட்டு வாசலைப் பாத்தான். மருமக உள்ள போயிட்டா. புரிஞ்சிக்கிட்டான். "வேணாம் நைனா. நான் பாத்துக்கறேன்"ன்னான். நான் முன் கதவத் திறந்து ஏறி உக்காந்துட்டேன். அவங்கம்மா பின்னால ஏறினா. அவனுக்கு வேற வழி இல்ல. வண்டிய எடுத்தான்.

முதல் ஸ்டாப்ல மூணு பிள்ளைங்க. அம்மாக்கள் ரெண்டு பேர், ஒரு தாத்தா. நான் இறங்கினேன். வாய் வரல. உண்மையாவே வரல. அவங்க என்னைப் பாத்தாங்க. ஒரு அம்மாவுக்கு அடையாளம் தெரிஞ்சிடுச்சு, மூஞ்சி மாறுச்சு. நான் தலைய ஆட்டிட்டு வண்டியில ஏறிட்டேன். வண்டி நகந்துடுச்சு.

பின்னால ஏறின ஒரு பொடிசு என் சம்சாரத்தை உத்துப் பாத்துது.

"பாட்டி, நீங்கதான கூழ் தாத்தாவோட பாட்டி?"

"ஆமா."

"நீங்க செத்துட்டீங்கன்னு எங்கம்மா சொன்னாங்க."

"செத்துதான் போனேன். அங்க கூழ் கிடைக்கல. திரும்பி வந்துட்டேன்"னா.

வண்டி முழுக்க சிரிப்பு. பையனும் சிரிச்சான். பத்து நாள்ல அவன் முதல் தடவையா சிரிக்கறான்னு அன்னிக்கு சாயந்திரம் மருமக சொன்னா.

ரெண்டாவது ஸ்டாப்ல என் வாய் திறந்துது. என்ன சொல்லணும்னு அதுக்குள்ள மனசுல கட்டி வச்சிட்டேன். "அந்த வீடியோவுல வர்ற கூழ்க்காரன் நான்தான். இது என் சம்சாரம். உசிரோட இருக்கா. இவன் என் பையன். கூழ் வண்டிய செஞ்சு குடுத்தது இவன்தான். குடுக்கறத வாங்காதது நான். வீடியோ பொய்." அவ்வளவுதான். பாக்கி எட்டு ஸ்டாப். எல்லா இடத்துலயும் அதே வார்த்தை.

சிலர் சரிங்கய்யான்னாங்க. சிலர் பிள்ளைய ஏத்திவிட்டுட்டுத் திரும்பிட்டாங்க. ஒருத்தர் பல்லு தேய்ச்சுக்கிட்டே, "இதுவும் வீடியோவா? எங்க கேமரா?"ன்னார். இல்லன்னேன். எட்டி வண்டிக்குள்ள பாத்தார். நம்பாம போனார்.

ஆறாவது ஸ்டாப்ல ஒரு அம்மா. டெய்லர் வேலை செய்யறவங்க. இஞ்ச் டேப் கழுத்துல தொங்குது. நான் சொன்னத முழுசாக் கேட்டாங்க. பிள்ளை கைய விடல.

"அது பொய்னு எத்தினி நாளா உங்களுக்குத் தெரியும்?"ன்னாங்க.

"ஒரு மாசமா."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

பையன் ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு நேரா ரோட்டப் பாத்தான். அவனுக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கும். கேட்டதில்ல.

"ஏவாரம் ஆச்சு. அதான்"னேன்.

அந்த அம்மா என்னைப் பாத்தாங்க. நான் கண்ண எடுக்கல. வேற காரணம் ஏதாவது சொல்லியிருக்கலாம். வயசாயிடுச்சு, ஃபோன் தெரியாது, அப்படி. அதெல்லாம் உண்மை இல்ல.

அவங்க பிள்ளையோட பைய வாங்கி வண்டிக்குள்ள வச்சாங்க. பிள்ளைய ஏத்திவிட்டாங்க. "இத மட்டும் சொல்லாம விட்டிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்"ன்னாங்க. கதவைச் சாத்தினாங்க.

ஸ்கூல்ல பிள்ளைங்களை விட்டதும் பையன் வண்டிய ஓரம் கட்டினான். இறங்கிப் போய் மூணு டீ வாங்கிட்டு வந்தான். என் கையில குடுத்தான். வாங்கிக்கிட்டேன்.

"போதும் நைனா. நாளைக்கு வேணாம். முதுகு வேற"ன்னான்.

"முதல் ஸ்டாப்பும், நிறுத்தின வீடு நாலும் பாக்கி இருக்கு."

"அவங்க திட்டுவாங்க."

"திட்டட்டும்."

நாலு நாள் கடை போடல. மறுநாள் காலைல அதே வண்டியில போய் முதல் ஸ்டாப்லயும் சொல்லிட்டேன். நாலு வீட்டுக்கும் சாயந்திரமா போனோம். மூணு வீட்டுல கேட்டாங்க. அடுத்த வாரமே பிள்ளைங்களை அனுப்பிட்டாங்க. நாலாவது வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கல. உள்ள இருந்தே, "அப்பனும் மகனும் சேந்து நடிக்கறீங்களா"ன்னார். மூணு தடவை போனேன். மூணு தடவையும் அதேதான். அந்தப் பிள்ளை இப்பவும் வேற வண்டியில போகுது. அது போனது போனதுதான்.

ஸ்கூல்ல ஆபீஸ்ல இருக்கற மேடம், எழுதிக் குடுங்கன்னாங்க. நானே எழுதினேன். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. கீழ நானும் என் சம்சாரமும் கையெழுத்து போட்டோம். அவங்க படிச்சுட்டு அத ஒரு ஃபைல்ல வச்சாங்க. லைன் அவன்கிட்டயே இருக்கு.

அஞ்சாவது நாள் கடைக்கு வந்தேன். ஒரு தகரத் தகடு வாங்கி, மிச்சம் இருந்த நீலப் பெயின்ட்லயே எழுதி வண்டிக்கு முன்னால மாட்டினேன்.

"என் சம்சாரம் உயிரோடு இருக்கிறாள். கூழ் செய்வது அவள்தான். இந்த வண்டி என் மகன் செய்து கொடுத்தது. பாவம் என்று வந்திருந்தால் வேண்டாம். பசி என்றால் உட்காருங்கள்."

என் சம்சாரம் இளநிக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டா. "உசிரோட இருக்கறத எல்லாம் போர்டுல போடற ஒரே பொம்பள நானாத்தான் இருப்பேன்"னா. ஆனா அன்னில இருந்து மணைய வண்டிக்கு முன் பக்கமா போட்டுக்கிட்டா.

கூட்டம் கம்மியாயிடுச்சு. போர்டைப் படிச்சுட்டு சில பேர் கொண்டாந்த பையத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஏமாந்த மாதிரி போனாங்க. கஷ்டப்படாதவன் கிட்ட கூழ் குடிக்க அவங்களுக்குப் புடிக்கல. ரெண்டு பானை மறுபடி ஒண்ணாச்சு. மறுபடி பத்து மணி வரைக்கும் நிக்கறோம். இப்ப வர்றவங்க கூழுக்காகவே வர்றவங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை பையன் வந்தான். காக்கிச் சட்டையோட. வழக்கமா அவன் வந்தா பின் பக்கமா நின்னு அம்மாகிட்ட பேசிட்டுப் போயிடுவான். அன்னிக்கு முன்னால, எல்லாரும் பாக்க, பெஞ்சுல உக்காந்தான். பக்கத்துல வெளியூர்க்காரர் ஒருத்தர். கூழ் நல்லா இருக்குன்னார் அவன்கிட்ட.

"எங்க நைனா கடை"ன்னான்.

எனக்கு அது போதும். அவன் சொம்புல இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். அன்னிக்குப் போறப்ப என் கையில கொஞ்சம் பணம் வச்சான். வேணாம்னு சொல்ல வாய் வந்துது. சொல்லல. வாங்கி மடியில வச்சுக்கிட்டேன்.

அந்த வீடியோ இன்னும் ஃபோனுக்கு ஃபோன் சுத்திக்கிட்டுதான் இருக்கு. போன மாசம் கூட ஒருத்தர் பழம் வாங்கிட்டு, கண் கலங்க வந்தார். போர்டைக் காட்டினேன். அந்த மனையில இப்ப வீடு கட்டிட்டாங்கன்னு சொல்றாங்க.

பேசாம இருந்தா பொய் சொல்லலன்னு அர்த்தம்னு அம்பத்தெட்டு வயசு வரைக்கும் நெனச்சிருந்தேன். நான் பேசாம விட்ட இடத்துல இன்னொருத்தன் பேசி, அதை விலைக்கும் வித்துட்டான். இப்ப கடைக்கு முன்னால யார் ஃபோனத் தூக்கினாலும், அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே, "இது என் சம்சாரம்"னு கை காட்டிச் சொல்லிடறேன். அந்த மூணு வார்த்தையச் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆச்சேங்கறது மட்டும் இன்னிக்கும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.